மேங்கோவுக்குப் பூர்வீகம் கண்டுபிடித்த இன்ஜினியர்: சர் ஹென்றி யூல்



கிருஷ்ணகிரி பக்கத்தில் இருந்து வர்றவங்களுக்கு மாங்காயைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோப்பு, மண்டி, மாம்பழக்கூழ் ஆலை எல்லாமே நம்ம காலேஜ் பஸ் போற வழியில்தான் இருக்கு. ஆனா மேங்கோ என்கிற இங்கிலீஷ் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம மாங்காயில் இருந்துதான். போர்ச்சுகீசியர்கள் இந்தச் சொல்லை மாங்கா என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்து வாங்கிய இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது மேங்கோ ஆனது.

இது ஏதோ வாட்ஸ்அப் ஃபார்வர்டு இல்லை. 1886-இல் லண்டனில் அச்சான, எண்ணூறு பக்கங்களுக்கு மேல் உள்ள ஒரு அகராதி இதைச் சொல்லுது. அதை எழுதி முடித்தவர் மொழிப் பேராசிரியரும் இல்லை. கால்வாய் வேலை பார்த்து, ரயில் பாதை ஃபைல் பார்த்து, பொதுப்பணித் துறையில் பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர். பெயர் சர் ஹென்றி யூல்.

ஈசிஇ நண்பர்களுக்கு இந்தப் பெயர் கேட்ட மாதிரி இருக்கும். சிக்னல் பிராசஸிங்கில் வர்ற யூல்-வாக்கர் சமன்பாடுகள் இவரோடது இல்லை. அது இவருடைய அண்ணன் மகன், புள்ளியியல் அறிஞர் ஜார்ஜ் உட்னி யூல் பெயரில் உள்ளது. குடும்பத்துக்கே எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற புத்தி போல!

அப்பா சேர்த்த புத்தகங்கள்

ஹென்றி யூல் 1820 மே 1-ஆம் தேதி ஸ்காட்லாந்தில், எடின்பரோ பக்கத்தில் இருக்கும் இன்வெரெஸ்க் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வில்லியம் யூல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் மேஜர். வேலை ராணுவம்தான், ஆனா ஆர்வம் எல்லாம் பாரசீகம், அரபி ஏடுகளில். அவர் சேர்த்து வைத்த கையெழுத்துப் பிரதிகள் பிற்பாடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது.

மகனை வக்கீலுக்குப் படிக்க வைக்கணும் என்றுதான் வீட்டில் முதலில் யோசித்தார்கள். பையனுக்கு அதில் இஷ்டமில்லை. 1837-இல் கம்பெனியின் ராணுவப் பயிற்சிக் கல்லூரியான அடிஸ்கோம்பில் சேர்ந்தார். அங்கிருந்து முதல் மாணவராக வெளியே வந்து, சாத்தம் ஊரில் இன்ஜினியர் பயிற்சியும் முடித்தார். 1840-இல் வங்காள இன்ஜினியர்கள் படைப்பிரிவில் வேலை. அப்போ வயது 20.

மழை, நிலக்கரி, கால்வாய்

முதல் போஸ்டிங் எங்கே தெரியுமா? காசி மலை. உலகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சிரபுஞ்சி இருக்கும் பகுதி. அங்கே கிடைக்கும் நிலக்கரியை மலையில் இருந்து சமவெளிக்குக் கொண்டுவர வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்தத் திட்டம் தேறவில்லை. ஆனா போன இடத்தில் யூல் சும்மா இருக்கவில்லை. காசி மக்களின் வாழ்க்கை, பழக்க வழக்கம் எல்லாத்தையும் குறித்து வைத்து, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் கட்டுரையாக எழுதினார். ப்ராஜெக்ட் தோற்றாலும் நோட்டுப் புத்தகம் நிறைந்தது.

அடுத்து வட இந்தியாவில் முகலாயர் காலத்துக் கால்வாய்களைப் புதுப்பிக்கும் வேலை. நடுவில் இரண்டு சீக்கியப் போர்களிலும் பங்கு. 1855-இல் பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவுக்குச் செயலாளர். அந்தப் பயணத்தைப் பற்றி 1858-இல் ஒரு பெரிய புத்தகமே வந்தது. இடையில் ரயில்வேயின் துணை ஆலோசனை இன்ஜினியர், கடைசியில் இந்திய அரசின் பொதுப்பணித் துறைச் செயலாளர். கவர்னர் ஜெனரல்கள் டல்ஹௌசி, கேனிங் இரண்டு பேரிடமும் நல்ல மதிப்பு.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்க. பழைய கால்வாயைப் புதுப்பிக்கிற இன்ஜினியர் முதலில் என்ன செய்வார்? இப்போ தண்ணி எங்கே ஓடுது என்று மட்டும் பார்க்க மாட்டார். கரையோடு கரையாக மேல்நோக்கி நடந்து போய், தலைவாய் எங்கே இருந்தது, எந்த இடத்தில் தூர்ந்தது, எங்கே வேறு ஓடை வந்து கலந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைபடம் போடுவார். பின்னாளில் யூல் சொற்களை ஆராய்ந்த முறையும் அச்சு அசல் இதேதான்.

சிசிலியில் பதினோரு வருஷம்

1862-இல் யூல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கேனிங் பிரபு உதவியால் இங்கிலாந்தில் நல்ல பதவி கிடைக்கும் என்று நம்பிக்கை. ஆனா கேனிங் அந்த வருஷமே இறந்துபோனார். கைதூக்கி விட ஆள் இல்லை. மனைவிக்கோ உடம்பு சரியில்லை, குளிர் ஆகாது. அதனால் 1864-இல் இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் பலெர்மோ நகரில் குடியேறினார்கள். 1875 வரை அங்கேதான்.

நாற்பத்தி நாலு வயசு, வேலை இல்லை, ஊரும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் சோர்ந்து போயிருப்பார்கள். யூல் நூலகத்துக்குப் போனார். இடைக்காலத்தில் ஐரோப்பாவில் இருந்து ஆசியாவுக்கு வந்த பயணிகளின் குறிப்புகளைத் தோண்ட ஆரம்பித்தார். கொல்லத்தின் பிஷப்பாக நியமிக்கப்பட்ட ஜோர்டானஸ் பாதிரியாரின் நூலை ஏற்கெனவே 1863-இல் மொழிபெயர்த்திருந்தார். 1866-இல் சீனாவுக்குப் போன பழைய வழிகளைப் பற்றிய தொகுப்பு வந்தது. 1871-இல் மார்க்கோ போலோவின் பயண நூல், யூலின் மலை மலையான குறிப்புகளோடு வெளியானது. அதுக்காக 1872-இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

மார்க்கோ போலோ சொல்லும் காயல் துறைமுகம் நம்ம தாமிரபரணிக் கரையில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க, திருநெல்வேலிச் சீமையில் இருந்த கால்டுவெல் தந்த தகவல்கள் யூலுக்கு உதவின. இப்படிப் பழைய பயணிகளைப் படிக்கப் படிக்க, ஒவ்வொருத்தரும் நம்ம ஊர்ப் பொருள்களை எந்த வருஷம், எந்த எழுத்துக்கூட்டில் எழுதினார்கள் என்ற குறிப்பு அவரிடம் சேர்ந்துகொண்டே போனது.

தஞ்சாவூர் ஜட்ஜிடம் இருந்து கடிதங்கள்

இதே நேரத்தில் தமிழ்நாட்டில் இன்னொருத்தர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பெயர் ஆர்தர் கோக் பர்னல். 1840-இல் பிறந்தவர், 1860-இல் மதராஸ் சிவில் சர்வீஸுக்கு வந்தவர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தார். பகலில் கோர்ட், மற்ற நேரத்தில் அரண்மனை நூலகம். இன்றைக்கு நாம் சரஸ்வதி மகால் என்று சொல்லும் அந்த நூலகத்தின் சமஸ்கிருத ஏடுகளுக்கு முறையான பட்டியல் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றைப் பற்றி 1874-இல் ஒரு முக்கியமான நூலும் எழுதினார்.

1872 முதல் யூலுக்கும் பர்னலுக்கும் கடிதப் போக்குவரத்து. இரண்டு பேரும் தனித்தனியாக இந்தியாவில் இருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும், சேர்ந்தே செய்யலாம் என்று முடிவு பண்ணினார்கள். பர்னலுக்குத் தென்னிந்திய மொழிகள் தெரியும். யூலுக்குப் பழைய பயண நூல்கள் தெரியும். ஒருத்தர் சொல்லின் வேரைச் சொல்வார், இன்னொருத்தர் அது பயணப்பட்ட பாதையைச் சொல்வார். பத்து வருஷம் இப்படியே ஓடியது.

பர்னலுக்கு இங்கே இருந்த வெயிலும் நோயும் உடம்பைக் கெடுத்துவிட்டன. 1882 அக்டோபரில், 42 வயதில், இங்கிலாந்தில் இறந்தார். அகராதி பாதியில் நின்றது. அறுபதைத் தாண்டிய யூல்தான் அதைத் தனியாக முடித்தார். நூலின் முகப்பில் இரண்டு பேர் பெயரும் இருக்கு.

அது என்ன ஹாப்சன்-ஜாப்சன்?

அந்த அகராதியின் பெயர் ஹாப்சன்-ஜாப்சன். யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் பெயர் என்று தோணும். இல்லை. முஹர்ரம் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் துக்கத்தோடு யா ஹசன், யா ஹுசைன் என்று கூவுவார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் காதில் அது விழுந்து, அவர்கள் வாய்க்குப் பழகிய இரண்டு இங்கிலீஷ் பெயர்களாக மாறி, ஹாப்சன்-ஜாப்சன் ஆனது. புத்தகம் முழுக்க இப்படி வாய் மாறிய சொற்கள்தான் என்பதால் அதையே தலைப்பாக வைத்தார் யூல். பிற்பாடு மொழியியலில், ஒரு மொழிச் சொல் இன்னொரு மொழியின் ஒலிக்கு ஏற்ப வளைவதை ஹாப்சன்-ஜாப்சன் விதி என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

இதில் நமக்கு ஒரு சேதி இருக்கு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நண்பன் ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னா கிளாஸே சிரிக்குது. அப்புறம் அவன் இன்டர்வியூவில் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். ஆனா மிளகுத்தண்ணீரை முல்லிகடானி என்றும், சுருட்டைச் செரூட் என்றும், கட்டுமரத்தைக் கேட்டமரான் என்றும் சொன்னவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அது அப்படியே இங்கிலீஷ் அகராதியில் ஏறியது. எல்லை தாண்டும் சொல் வளையத்தான் செய்யும். வளைக்கிறவன் முட்டாள் என்று அர்த்தம் இல்லை. இதை எல்லையில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கன்னடத்தில் ஹொச ஊரு என்றால் புது ஊர். அந்த ஹொசூரில் இருக்கும் ஹ-வைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே நாம் ஓசூர் என்கிறோம்?

நம்ம சிப்காட்டில் யூலின் சொற்கள்

யூல் இன்றைக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு ரவுண்டு வந்தால் என்னென்ன பார்ப்பார் என்று கற்பனை பண்ணிப் பார்த்தேன்.

முதலில் கோடவுன். போர்டில் இங்கிலீஷில் கோடவுன், பக்கத்தில் தமிழில் கிடங்கு என்று எழுதியிருப்பார்கள். ஒன்று இங்கிலீஷ், ஒன்று அதன் தமிழ் மொழிபெயர்ப்பு என்று நாம் நினைக்கிறோம். ஹாப்சன்-ஜாப்சன் சொல்வது வேறு. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. தமிழ்க் கிடங்கும் தெலுங்கு கிட்டங்கியும் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போய் கடோங் ஆனது. அங்கே வியாபாரம் செய்த ஐரோப்பியர் வாயில் கோடவுன் ஆகி, திரும்ப நம்ம ஊருக்கே வந்தது. அந்த போர்டில் ஒரே சொல்லைத்தான் இரண்டு தடவை எழுதியிருக்கோம்!

அடுத்து காம்பவுண்டு சுவர். கெமிஸ்ட்ரியில் வரும் காம்பவுண்டு லத்தீன் வழி வந்தது. சுவருக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் காம்பவுண்டு வேறு சொல். மலாய் மொழியில் கம்போங் என்றால் குடியிருப்பு, வளைவு. அதுதான் இது என்று பல ஊகங்களை எடைபோட்டுப் பார்த்து யூல் முடிவுக்கு வந்தார்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வீல் சுத்தும்போது தள்ளி நின்று யோசிங்க. அலுமினியம் ஆக்சைடு கனிமமாகக் கிடைக்கும்போது அதன் பெயர் கொரண்டம். அந்தச் சொல் இந்தியச் சொல். தமிழில் குருந்தம், தெலுங்கில் குருவிந்தம் என்று ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக் காட்டுது. யூல் இறந்து சில வருஷங்களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின் உலையில் சிலிக்கான் கார்பைடு தயாரித்தார். அதுக்கு அவர் வைத்த கார்போரண்டம் என்ற பெயர் கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டவைத்தது. அந்தப் பெயருக்குள் பாதி நம்ம பக்கத்துச் சொல்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்கடையில் ஓடுமே பெருச்சாளி, அதுக்கு இங்கிலீஷில் பேண்டிகூட். தெலுங்கில் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. ராயக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசும் நண்பர்களுக்கு இது உடனே பிடிபடும்.

நம்ம ஏரியாவும் அந்த அகராதியில் இருக்கு. பாரமஹால் என்ற தலைப்பில், பழைய சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு இருந்த பெயர் என்று குறிப்பு. பன்னிரண்டு மஹால்கள் என்று பொருள். கிருஷ்ணகிரியும் அந்தச் சீமைதான்.

எட்டும் எய்ட்டும்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எட்டுதான் எய்ட் ஆச்சு, எல்லா இங்கிலீஷ் சொல்லும் தமிழில் இருந்துதான் வந்தது என்று நம்ம குரூப்பில் மாதம் ஒரு தடவையாவது மெசேஜ் வரும். படிக்க ஜாலியா இருக்கும். ஆனா யூல் முறையில் சோதித்துப் பாருங்க.

மேங்கோவை எடுத்துக்கோங்க. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அது தமிழை நெருங்குது. இங்கிலீஷ் மேங்கோவுக்கு முன்னால் போர்ச்சுகீசிய மாங்கா. 1510-இல் அச்சான இத்தாலியப் பயணி வர்தேமாவின் நூலிலும் மாங்கா. பாதையும் தெரியுது, ஆளும் தெரியுது, கப்பலும் தெரியுது.

எய்ட்டை எடுத்துக்கோங்க. பின்னோக்கிப் போனால் பழைய இங்கிலீஷில் எயஹ்ட. ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. போகப் போகத் தமிழ் எட்டை விட்டு விலகுது. இன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

கேஷ் இன்னும் வேடிக்கை. இங்கிலீஷில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு கேஷ் உண்டு. கிழக்கு நாடுகளின் சில்லறைக் காசுக்கு ஐரோப்பியர் வைத்த கேஷ் என்ற பெயர், நம்ம காசு போர்ச்சுகீசிய வழியாகப் போனது. கடையில் ரொக்கம் என்ற பொருளில் சொல்லும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. பாதிப் பெருமைதான் நமக்கு. ஆனா அந்தப் பாதி உறுதியானது. யாரும் கேள்வி கேட்டு உடைக்க முடியாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பழைய நூல்களில் இருந்து வருஷ வரிசையில் சான்றுகளை அடுக்கியதுதான் ஹாப்சன்-ஜாப்சனின் பலம். அதே காலத்தில் ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மர்ரேயின் முறையும் இதுதான். இந்தியச் சொற்களுக்கு யூலின் உழைப்பு அந்த அகராதிக்கு நிறையப் பயன்பட்டது.

வலிக்கிற சொற்கள்

எல்லாச் சொல்லும் மாங்காய் மாதிரி இனிக்காது. கூலி என்ற சொல்லை எடுத்துக்கோங்க. குஜராத்தின் கோலி மக்கள் பெயரில் இருந்து வந்ததா, சம்பளத்தைக் குறிக்கும் நம்ம கூலியில் இருந்து வந்ததா என்று யூல் இரண்டு பக்கமும் ஆதாரம் வைத்தார். கோலி பக்கம் சாய்ந்தாலும், தமிழ்க் கூலியும் அதன் பரவலுக்கு உதவியிருக்கலாம் என்று விட்டு வைத்தார். எப்படி வந்திருந்தாலும், இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நம்ம மக்கள் மேல் அது ஒரு முத்திரையாகக் குத்தப்பட்டது. செய்த வேலைக்கு வாங்கும் ஊதியத்தின் பெயர், மனுஷனை மட்டம் தட்டும் பெயராச்சு.

பறையர் என்ற மக்கள் பெயர் இங்கிலீஷில் பரையா ஆகி, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் இன்றைக்கும் செய்தித்தாளில் வருது. நாடுகளைக்கூட அப்படி எழுதுகிறார்கள். பறை என்னும் இசைக்கருவியோடு சேர்ந்த பெயர் அது என்றும், சாதியே இல்லாதவர் என்று ஐரோப்பியர் புரிந்துகொண்டது தப்பு என்றும் 1886-லேயே ஹாப்சன்-ஜாப்சன் எழுதிவிட்டது. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பிரயோகம் போகவில்லை. ஒரு சொல்லின் பூர்வீகம் தெரிந்தவர், அதை வாயில் எடுக்கும் முன் ஒரு நிமிஷம் நிற்பார். இந்தப் படிப்பால் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான் என்று எனக்குத் தோணுது.

ஒன்றை மறக்கக் கூடாது. யூல் ஆள வந்தவர்களில் ஒருத்தர். அவர் புத்தகம் வெள்ளைக்கார அதிகாரிகள் படிக்க எழுதியது. நம்மைப் பார்க்கும் பார்வையில் அந்த மேட்டிமை ஆங்காங்கே தெரியும். அதையும் தெரிந்துகொண்டே படிக்கணும்.

கடைசி நாட்கள்

1875-இல் மனைவி இறந்த பிறகு யூல் இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் இந்தியா கவுன்சிலில் 1889 வரை உறுப்பினர். ஆபீஸ் வேலை ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம். 1886-இல் ஹாப்சன்-ஜாப்சன் வெளியானது. வங்காளத்தில் பணிபுரிந்த தன் அண்ணன் ஜார்ஜுக்கு அதைக் காணிக்கையாக்கினார். யூல்-வாக்கர் யூலின் அப்பா அவர்தான். 1889-இல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் படுத்த படுக்கை. பிரான்ஸின் அறிஞர் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தபோது, படுக்கையில் இருந்தபடியே லத்தீனில் நன்றித் தந்தி சொல்லி எழுத வைத்தார். டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். 1903-இல் வில்லியம் குரூக் என்பவர் அகராதியை விரிவாக்கி இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். இன்றைக்கு இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம்.

நம்ம காலேஜில் ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுறவங்க உட்கார்ந்திருக்கோம். நாலு மொழியும் இங்கிலீஷும் கலந்து தினமும் புதுச் சொல் பிறக்குது. இன்பிளாண்ட் ட்ரெய்னிங் போகும்போது ஷாப் ஃப்ளோரில் டூல்களுக்கு ஆபரேட்டர் அண்ணன்கள் சொல்லும் பெயர்களைக் கவனிங்க. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்தச் சொல், சொன்னவர் எந்த ஊர்ப் பக்கம், கேட்ட தேதி, எதைக் குறிக்குது என்ற நாலு விவரத்தோடு எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. அர்த்தத்தை ஊகிச்சு அனுப்ப வேண்டாம், கேட்டதை அப்படியே அனுப்புங்க. அடுத்த இதழில் இருந்து ஒரு பக்கம் அதுக்காக ஒதுக்குகிறோம்.